இரவு பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய அறுவைச் சிகிச்சை நிபுணர்களுக்கும் மயக்கவியல் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். உங்களிடம் நோயாளிகளை அனுப்பிவைக்கும் பொது மருத்துவர்களில் நானும் ஒருவன். என் நோயாளி ஒருவர் ஹெர்னியா அறுவைக்காகப் போய், அறுவை நடக்காமலேயே திரும்பி வந்திருக்கிறார். வயது 68, சர்க்கரை நோய் உண்டு. "இரவு பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள், மாத்திரைகளை வழக்கம்போல் போடுங்கள்" என்று தொலைபேசியில் சொன்னார்களாம். இரண்டையும் அவர் அப்படியே செய்தார். காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை எச்சிலோடு விழுங்கியிருக்கிறார். பட்டியலில் அவர் பெயர் கடைசி. பிற்பகல் இரண்டு மணிக்கு, 16 மணி நேரப் பட்டினியில் வியர்த்துத் துவண்டு சரிந்தபோது இரத்தச் சர்க்கரை 46-க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, வேறு தேதி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"சொன்னபடிதானே செய்தேன், டாக்டர்?" என்று அவர் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மயக்கத்தில் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் திட்டமிட்ட அறுவைக்கு இலேசான உணவை 6 மணி நேரம் முன்பும், தண்ணீர், பால் கலக்காத தேநீர் போன்றவற்றை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் போதும் என்பது உங்கள் துறையே வகுத்த விதி. குடலடைப்பு உள்ளவர்களுக்கும் இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்களுக்கும் அது பொருந்தாது. அதைத் தீர்மானிக்கத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்? எல்லோருக்கும் ஒரே கட்டளை எதற்கு?

நான் கேட்பது ஒரு தாள். எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்துவது, எத்தனை மணி வரை தண்ணீர் குடிப்பது, எந்த மாத்திரையை எந்த நாளிலிருந்து விடுவது, எதை விடவே கூடாது என்று நோயாளியின் மொழியில் எழுதிய ஒரே ஒரு தாள். சர்க்கரை நோய்க்குத் தரும் கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் பெரும்பாலானவற்றை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடலாம். இதை முந்தைய நாள் மாலையில் தொலைபேசியில் சொல்லி என்ன பயன்? இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளும் அப்படித்தான். இதய நோயாளி அவற்றைத் தானாக நிறுத்திவிட்டு வருவதும் ஆபத்து, நிறுத்தாமல் வந்து திருப்பி அனுப்பப்படுவதும் அலைச்சல்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கவில்லை. சீழ் கட்டி நிற்கும் கட்டியைக் கீறி வடிக்காமல் வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் எழுதுகிறவர்கள் எங்களில் உண்டு. கொழுப்புக் கட்டிதானே என்று அகற்றியதைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. சிறிய அறுவை என்ற சொல்லே நம் எல்லோரையும் அசட்டையாக்கிவிட்டது. கத்தியின் கீழ் படுத்திருப்பவருக்கு அது சிறியதல்ல.

கோபத்தில் ஏதேனும் கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்தத் தாளைக் கொடுங்கள். ஒரு நகலை எங்களுக்கும் அனுப்புங்கள். எந்த மாத்திரை எதற்கு என்று எங்களுக்குத் தெரியும், நோயாளிக்குப் புரியும்படி சொல்லி அனுப்புவது எங்கள் பொறுப்பு.

அந்தப் பெரியவருக்கு மறுபடியும் தேதி குறித்திருக்கிறார்கள். இதுவரை அவர் கையில் எழுத்தாக எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவர்