நாய் எத்தனை நேரம்தான் அடக்கும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வழிகாட்டி நாய்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைத் தங்கை போனில் வாசித்துக் காட்டினாள். "பயிற்சி பெற்ற நாய் எத்தனை மணி நேரமானாலும் அடக்கிக்கொள்ளும்" என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பார்வை கிடையாது. மதுரைக்காரி, நியூஜெர்சியில் இருக்கிறேன். இங்கே மோரிஸ்டவுன் பக்கம் உள்ள 'தி சீயிங் ஐ' பள்ளியில் பயின்ற ஜூனோ என்ற லாப்ரடார் ஆறு வருடமாக என்னோடு இருக்கிறது. ஜூனோ சிறுநீரையும் மலத்தையும் அடக்கும், உண்மைதான். அதைச் சிரமப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நான்.

தங்கை கலிபோர்னியாவில். விமானம் மட்டுமே ஆறு மணி நேரம். வாசலுக்கு வாசல் பதினொன்று ஆகிவிடும். முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கே சாப்பாடு கொடுத்துவிடுவேன். காலையில் பாதிதான். தண்ணீரை அடியோடு நிறுத்தக் கூடாது, பாவம். கிண்ணத்துக்குப் பதிலாக இரண்டு ஐஸ் கட்டி.

நாயைச் சிறுநீர், மலம் கழிக்க விடுவதைப் பள்ளியில் 'பார்க் டைம்' என்பார்கள். வழிகாட்டும்போது மாட்டும் ஹார்னஸைக் கழற்றியதுமே வேலை இல்லை என்று அதற்குப் புரிந்துவிடும். வாரை நீள விட்டால் என்னைச் சுற்றி வரும். நின்றதும் முதுகைத் தடவிப் பார்ப்பேன். முதுகு சரிந்திருந்தால் சிறுநீர், வில்லாக வளைந்திருந்தால் மற்றது. அந்த இடத்துக்கு நேராகக் காலை வைத்துக்கொண்டு, பையைக் கையுறைபோல மாட்டி அள்ளிவிடுவேன். இதுவரை எங்கும் விட்டுவிட்டு வந்ததில்லை.

2016 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பிறகும் இதற்கென ஓர் இடம் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் பல இடங்களில் அது செயற்கைப் புல் விரித்த சின்ன அறை. நிஜப் புல்லில் பழகிய ஜூனோ முதல் தடவை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. அப்புறம் ஒரு துண்டுச் செயற்கைப் புல் வாங்கி, வீட்டுப் பின்புறத்தில் போட்டு ஒரு மாதம் பழக்கினேன். குப்பைத் தொட்டி அறைக்கு அறை வேறு மூலையில் இருக்கிறது. நாயைக் கூட்டி வருபவருக்குக் கண் தெரியாது என்பதை மறந்து கட்டியதுபோல. விமானம் மாறும் இடத்தில் ஓர் ஊழியர், "நீங்கள் உட்காருங்கள், நான் கூட்டிப் போகிறேன்" என்று வாரை வாங்கிக்கொண்டார். அந்நியர் கையில் அது சிறுநீர் போகவே இல்லை. அடுத்த விமானத்தில் நான்கு மணி நேரம் காலடியில் நெளிந்துகொண்டே இருந்தது. வாரைக் கொடுத்தது என் தவறு. அதன் பிறகு யாரிடமும் கொடுப்பதில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்து இருக்கையில் வழிகாட்டி நாய் இருந்தால் பிஸ்கட் நீட்டாதீர்கள். நீங்கள் அன்பாகக் கொடுக்கும் அந்த ஒரு பிஸ்கட் எங்கள் கணக்கையே குலைத்துவிடும். புல்தரை எந்தப் பக்கம் என்று கேட்டால், "அங்கே" என்று கை காட்டாமல், இடமா வலமா, எத்தனை அடி என்று சொல்லுங்கள்.

எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் விமானமென்றால், நாய் அசுத்தம் செய்யாது என்று உறுதிமொழிப் படிவம் கேட்க இங்கே விமான நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. கையெழுத்துப் போடலாம். ஆனால் டெல்லிக்கே பதினான்கு மணி நேரம் ஜூனோவை அப்படிக் கிடத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் அம்மாவைப் பார்க்க வரும்போது மட்டும் வெள்ளைக் கோல்தான் துணை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நியூஜெர்சி