பதிவறைக் கோப்புகளுக்கு முதலில் அடைவு, அப்புறம் ஸ்கேன்: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
பதிவறையில் நகல் கேட்டு விண்ணப்பித்த மனுதாரர்,
நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்.

பெறுநர்
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
ஆவணப் பதிவறை.

பொருள்: பதிவறையிலுள்ள பழைய காகிதக் கோப்புகளுக்குத் தொடர் எண் இட்டு, கணினியில் அடைவு (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் பட்டியல்) தயாரித்த பின்னரே ஸ்கேன் பணியைத் தொடங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். ஓர் உத்தரவின் நகல் கேட்டுத் தங்கள் பதிவறைக்கு ஐந்து முறை வந்தேன். ஐந்தாவது முறை கிடைத்தது. அதற்கு முந்தைய நான்கு முறையும் "அந்த வருஷக் கட்டில் இல்லை" என்றார்கள். பொய்யில்லை, அந்த வருஷக் கட்டில் அது உண்மையிலேயே இல்லை. கோப்பு ஓர் ஆண்டில் தொடங்கி நான்கு ஆண்டுகள் கழித்து முடிந்திருக்கிறது. முடிந்த ஆண்டின் கட்டில் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். நானோ மனுக் கொடுத்த ஆண்டையே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு அலமாரி தள்ளித்தான் அது இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது.

ஊழியர்கள் மீது எனக்குக் குறை இல்லை. தூசியில் தும்மிக்கொண்டே தேடினார்கள். முன்பு அங்கே ஒரு பெரியவர் இருந்தாராம். பெயரைச் சொன்னால் போதும், நேரே போய் எடுத்து வருவாராம். அவர் ஓய்வு பெற்ற அன்றே பதிவறையின் அடைவும் அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

பழைய கோப்புகளை எல்லாம் ஸ்கேன் செய்யும் யோசனை இருப்பதாக அங்கே கேள்விப்பட்டேன். நல்ல யோசனை. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஸ்கேனில் இறங்கினால் அறையில் இருக்கும் குவியல் அப்படியே வட்டுக்கு மாறும், அவ்வளவுதான். பல வருஷம் நூலகத்தில் அட்டைப் பட்டியலோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஒரு காகிதம் ஒரு சமயத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். ஆனால் அதைக் கேட்டு வருபவர்கள் பத்து விதமாகக் கேட்பார்கள். ஒருவர் பெயரைச் சொல்வார், ஒருவர் இடத்தைச் சொல்வார், இன்னொருவருக்கு "அப்பா காலத்தில் ஒரு தகராறு நடந்தது" என்பது மட்டும்தான் தெரியும். கோப்பு எண்ணோடு வருபவர் அபூர்வம். அலமாரியோ ஆண்டு, பிரிவு, கோப்பு எண் என்ற ஒரே வரிசையில் நிற்கிறது. கேட்கிற வழியும் அடுக்கிய வழியும் ஒன்றாக இருந்தால் ஐந்து நிமிடம், இல்லாவிட்டால் ஐந்து நடை.

இது புதிய சிக்கல் இல்லை. 1945-ல் வன்னெவர் புஷ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கட்டுரையில் இதைத்தான் குறைப்பட்டுக்கொண்டார்: அகரவரிசையிலோ எண்வரிசையிலோ அடுக்கிய ஒன்றைப் பிரிவு, உட்பிரிவு என்று இறங்கி இறங்கித்தான் தேட வேண்டியிருக்கிறது, நகல் எடுத்து வைத்தாலொழிய அது ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். நூலகங்கள் அதற்கு முன்பே அட்டையில் ஒரு வழி கண்டிருந்தன. புத்தகம் ஒன்றுதான், அதற்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் இன்னோர் அட்டை. பெல்ஜியத்தில் பால் ஓட்லேயும் ஆன்ரி லா ஃபோன்தேனும் 1895-ல் தொடங்கிய அட்டைத் தொகுப்பு ஒரு கோடியையும் தாண்டி வளர்ந்தது. அட்டை எழுதி எழுதிக் கை காய்த்தவர்களில் நானும் ஒருவன், அதனால் அந்த வேலையின் பாரம் தெரியும். கணினியில் அந்தப் பாரம் இல்லை. ஒரு கோப்புக்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும், அந்த வரியில் உள்ள எந்தச் சொல்லாலும் கோப்பைப் பிடிக்கலாம். புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்கிறதே, அதே போல ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் வரிகளின் எண்களைக் கணினி குறித்து வைத்துக்கொள்கிறது. இரண்டு சொற்களைக் கொடுத்தால் இரண்டு பட்டியலிலும் உள்ள எண்களை மட்டும் காட்டுகிறது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். கோப்பு இருக்கும் இடத்தையும் கோப்பின் பொருளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடுங்கள். அலமாரியில் வெறும் தொடர் எண் போதும்: 1, 2, 3 என்று. எந்தக் கோப்பு முதலில் கைக்கு வருகிறதோ அதற்கு 1. அடுத்து வருவது வேறு பிரிவாக, வேறு ஆண்டாக இருந்தாலும் 2. பார்க்கிறவர்களுக்கு இது ஒழுங்கீனமாகத் தெரியும், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பொருள் வாரியாக அடுக்கிய அறையில் ஒரு பிரிவு வீங்கினால் பக்கத்து அலமாரி முழுவதையும் நகர்த்த வேண்டும், வளரப் போகிறது என்று ஒவ்வொரு தட்டிலும் காலி இடம் விட வேண்டும். தொடர் எண்ணில் புதிய கோப்பு எப்போதும் கடைசியில்தான் சேரும். இடமும் வீணாகாது, இடம் மாறி வைத்தாலும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். 412-க்கும் 414-க்கும் நடுவே 731 உட்கார்ந்திருந்தால் யார் கண்ணிலும் படும். "நிர்வாகம் – பொது" என்ற கட்டுக்குள் தவறிப்போய் நுழைந்த கோப்பு அப்படிக் கண்ணில் படாது.

பொருளைச் சொல்லும் வேலை முழுவதும் கணினி அடைவுக்குப் போய்விடும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரிப் படிவம் ஒன்றை இணைத்திருக்கிறேன். தொடர் எண், பழைய கோப்பு எண், தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு, சம்பந்தப்பட்டவர்கள் பெயர், இடம், ஒரு வரிப் பொருட்குறிப்பு, பக்க எண்ணிக்கை, எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், இப்போது யார் கையில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியாகக் கேட்டிருப்பது என் சொந்த அனுபவத்தால் என்று தாங்களே ஊகிப்பீர்கள். பழைய எண்ணைத் தயவுசெய்து கைவிட வேண்டாம். மக்கள் கையில் இருக்கும் ரசீதுகளிலும் கடிதங்களிலும் அந்த எண்தான் அச்சாகியிருக்கிறது. பழைய பதிவேடுகளும் அறையிலேயே இருக்கட்டும்.

வைத்திருக்க வேண்டிய காலம் என்ற பத்தியை (படிவத்தின் நெடுவரிசையை) யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் காலம் முடிந்து, அழிக்க அனுமதி உள்ள கோப்புகள் எவை என்று ஒரே தேடலில் தெரிந்தால், ஸ்கேன் செய்யவே தேவையில்லாத காகிதம் எவ்வளவு என்பது முதலிலேயே தெரிந்துவிடும்.

இனி ஸ்கேன் கணக்குக்கு வருகிறேன். ஒரு பேச்சுக்கு 20,000 கோப்புகள், கோப்புக்கு 60 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 லட்சம் பக்கம். ஒவ்வொரு கோப்பிலும் நூலை அவிழ்க்க வேண்டும், துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்க வேண்டும், மடிப்பை நீவ வேண்டும், ஸ்கேன் ஆனதும் அதே வரிசையில் திரும்பக் கட்ட வேண்டும். ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் 2480-க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில், சுருக்காமல் வைத்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 26 எம்பி. சுருக்கினால் வெகுவாகக் குறையும், இருந்தாலும் சிறிய வேலை இல்லை. அப்புறம் அச்செழுத்தைப் படித்துச் சொல்லும் ஓசிஆர் மென்பொருள் இருக்கிறது. தெளிவாக அச்சான பக்கத்தை நன்றாகவே படிக்கும். மங்கிய கார்பன் நகலும், அவசரத்தில் கிறுக்கிய கையெழுத்துக் குறிப்பும், முத்திரை விழுந்து மறைந்த வரியும் வந்தால் தடுமாறும். பழைய கோப்புகளில் முக்கியமான வாசகம் பெரும்பாலும் அந்தக் கையெழுத்துக் குறிப்பில்தான் இருக்கும். அடைவு இல்லாத நிலையில் நம் கையில் மிஞ்சுவது "ஸ்கேன்0001", "ஸ்கேன்0002" என்ற பெயர்களில் லட்சக்கணக்கான படங்கள். அந்த நிலைக்குப் பழைய கட்டே மேல். அதில் வருஷமாவது மேலே எழுதியிருக்கும்.

அடைவு வேலை இதோடு ஒப்பிட்டால் சிறியது. ஒரு கோப்பைப் பிரித்து, மேலோட்டமாகப் படித்து, ஒரு வரி எழுத 4 நிமிடம் ஆகலாம் என்பது என் கணிப்பு. தினமும் 6 மணி நேரம் உட்கார்ந்தால் ஒருவர் 90 கோப்பு முடிப்பார். இரண்டு பேர் என்றால் 20,000 கோப்புக்கு 111 வேலைநாள், ஏறக்குறைய அரை ஆண்டு. முழுதும் முடியும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை, முதல் நாள் எழுதிய 180 கோப்புகள் மறுநாளே தேடலில் கிடைக்கும். அதற்கப்புறம் எவை அடிக்கடி கேட்கப்படுகின்றன என்று அடைவே சொல்லும். அவற்றை முதலில் ஸ்கேன் செய்யலாம். நெடுநாள் பாதுகாப்புக்கு வைப்பதை 2005-ல் சர்வதேசத் தரமாக வந்த பிடிஎஃப்/ஏ வடிவில் சேமிப்பது நல்லது. எழுத்துரு உட்பட எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அதன் விதி.

தமிழில் அடைவு எழுதும்போது சில சங்கடங்கள் உண்டு, இவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனெனில் ஆரம்பத்தில் கவனிக்காவிட்டால் பின்னால் திருத்துவது பெரும்பாடு. தட்டச்சு முழுவதும் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்தால் திரையில் தமிழாகத் தெரியும், தேடினால் எதுவும் அகப்படாது. யூனிகோடிலும் "ஔ" என்ற ஓர் எழுத்துக்குப் பதில் "ஒ", "ள" என்று இரண்டெழுத்தை அடிப்பவர்கள் உண்டு. கால் போட வேண்டிய இடத்தில் "ர" அடிப்பவர்களும் உண்டு. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பெயர்கள் இன்னும் மோசம். சுப்பிரமணியன், சுப்ரமணியன், சுப்ரமணியம் எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம். தலைப்பெழுத்தை ஒருவர் "மு." என்பார், இன்னொருவர் "எம்." என்பார். கோப்பில் உள்ளபடியே ஒரு பத்தியில் எழுதிவிட்டு, அலுவலகம் முடிவு செய்த ஒரே வடிவத்தைப் பக்கத்துப் பத்தியில் எழுதச் சொல்லலாம். தலைப்பெழுத்துக்குத் தனிப் பத்தி.

பொருட்சொற்களும் அப்படித்தான். ஒரே விஷயத்தை ஓர் எழுத்தர் "நிலம்" என்பார், அடுத்தவர் "மனை", மூன்றாமவர் "இடம்". இருநூறு, முந்நூறு சொற்களில் ஒரு பட்டியல் வைத்து, "மனை – நிலம் என்பதில் காண்க" என்று நூலகத்தில் செய்வதைப் போலச் செய்தால் பாதிச் சிக்கல் தீரும். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-ல் வெளியிட்ட கோலன் வகைப்பாடு என்ற நூலக முறை ஒரு பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல், எது, எதனால் ஆனது, என்ன நடக்கிறது, எங்கே, எப்போது என்று பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தது. பொருட்குறிப்பு எழுதுபவர் யார், என்ன, எங்கே, எப்போது என்று நான்கு கேள்விக்காவது பதில் எழுதினால் அதே பலன். "கடிதப் போக்குவரத்து – சம்பந்தமாக" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம்.

இன்னொரு விஷயம். தேடிய கோப்பு கிடைக்கவில்லை என்றால் பல சமயம் அது யாரோ ஒருவர் மேசையில் இருக்கும். கோப்பு வெளியே போகும்போது அந்த இடத்தில் ஒரு தடித்த அட்டை நிற்க வேண்டும், எடுத்தவர் பெயரும் தேதியும் அதில் இருக்க வேண்டும், அடைவிலும் அதே நாளில் ஏற வேண்டும். பார்கோடு ஒட்டினால் சுலபம், ஆனால் அதன் கீழே எண்ணையும் மனிதர் படிக்கும்படி பெரிதாக அச்சிட வேண்டும். கருவி பழுதான நாளில் அதுதான் உதவும்.

இந்த முறையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. தொடர் எண்ணில் அடுக்கிய அறையில் அடைவு தொலைந்தால் எல்லாமே தொலைந்த மாதிரி. எனவே அடைவுக்கு மூன்று பிரதிகள் வேண்டும், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அச்சிட்டுப் பைண்டு செய்தும் வைக்கலாம். மென்பொருள் எதுவாக இருந்தாலும் சரி, முழு அடைவையும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சாதாரண சிஎஸ்வி வடிவில் வெளியே எடுக்க முடியும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டுகிறேன். விற்ற நிறுவனம் நாளை கடையைக் கட்டினாலும் அடைவு நம்மிடம் இருக்கும். அதோடு, எல்லாப் பத்திகளும் எல்லோர் கண்ணுக்கும் தெரியக் கூடாது. தத்தெடுப்பு, மருத்துவம், குடும்பத் தகராறு போன்ற கோப்புகளில் பெயர்ப் பத்தி அலுவலருக்கு மட்டும் திறக்கட்டும்.

வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க மாதம் ஒரு நாள் போதும். அடைவிலிருந்து ஏதாவது 50 வரிகளை எடுத்து அலமாரியில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அலமாரியிலிருந்து 50 கோப்புகளை உருவி அடைவில் வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் சோதனையை மட்டும் செய்து திருப்திப்பட்டுவிடக் கூடாது. அடைவில் ஏறாமலே விட்டுப்போன கோப்பு இரண்டாவதில்தான் பிடிபடும்.

அறை முழுவதற்கும் இப்போதே உத்தரவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாசலுக்கு வலப்புறம் உள்ள முதல் அலமாரியை மட்டும் இந்த முறைக்கு ஒதுக்கி, ஒரு கணினியும் ஓர் ஊழியரும் தந்து, மூன்று மாதம் பார்க்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் அனுமதித்தால், ஊதியம் எதுவும் இன்றி வாரம் இரண்டு நாள் வந்து பொருட்குறிப்பு எழுத உடனிருக்கிறேன். அனுமதி உண்டா இல்லையா என்பதை மட்டும் எழுத்தில் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்

இணைப்பு: அடைவு மாதிரிப் படிவம் – 1 பக்கம், நிரப்பிய மாதிரி வரிகள் – 1 பக்கம்.