அவசரத்துக்கு யார் பெயர்?

20 மார்ச் 2022, ஞாயிறு

அன்புள்ள மீனா,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம்தானே?

வாட்ஸ்அப் இருக்கும்போது அப்பா ஏன் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பாய். அம்மாவும் அதையேதான் கேட்டாள். தேதி, கணக்கு, படிவம் என்று நிறைய இருக்கிறது, எழுதினால்தான் தெளிவாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அதுவும் உண்மைதான். தவிர, போனில் நீ ஐந்து நிமிடத்துக்கு மேல் இருப்பதில்லை. கேமராவும் இப்போதெல்லாம் போடுவதில்லை. நெட் சரியில்லை என்கிறாய். ஜெர்மனியில் சரியில்லாத நெட் எங்களுக்கு இங்கே சரியாக இருக்கிறது. போகட்டும்.

முதலில் டிக்கெட். 27ஆம் தேதியிலிருந்து வழக்கமான சர்வதேச விமானங்களை விடுகிறார்கள். 2020 மார்ச் 23இல் நிறுத்தியது, இரண்டு வருடம் முழுசாக ஓடிவிட்டது. மே மாதத்துக்கு நீ பார்த்து வைத்திருப்பதை எடுத்துவிடு, ஆனால் பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாக எடு. கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. 2020இல் பட்டது போதும். பணத்துக்குப் பதில் வவுச்சர் கொடுத்தார்கள், அதற்கும் ஒரு கடைசித் தேதி போட்டார்கள், அந்தத் தேதியில் விமானமே ஓடவில்லை. அப்போது வாங்கிய விசா இன்னும் என் பாஸ்போர்ட்டில் ஒட்டியபடி இருக்கிறது. அம்மா அவ்வப்போது அதை எடுத்துப் பார்ப்பாள், நின்றுபோன கல்யாணத்தின் பத்திரிகையைப் பார்ப்பது மாதிரி. சரி, இது நல்ல உவமை இல்லை. விடு.

புது விசாவுக்கு ஆளுக்கு 80 யூரோ. இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அதில் கொரோனா சிகிச்சையும் சேருமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள். வாயால் சொன்னால் நம்பாதே. எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்து வை, இரண்டு பிரதி. போனில் இருக்கிறது என்று சொல்லாதே. உன் பெரியப்பா சூட்கேஸ் விஷயம் ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்து அம்மாவின் ஊசிக் கணக்கு. இதை நிதானமாகப் படி. அவளுக்கு இரண்டாவது டோஸ் போட்டது போன வருடம் ஜூலை 13. இந்த மார்ச் 1 முதல் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் கணக்கு என்னவென்றால், இரண்டாவது டோஸ் போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும், 270 நாளைத் தாண்டியிருக்கக் கூடாது. அம்மாவுக்கு அந்த 270 நாள் ஏப்ரல் 9ஆம் தேதியோடு முடிகிறது. மூன்றாவது போட்டுவிட்டால் நாள் கணக்கே கிடையாது. 60 வயது தாண்டிய எல்லோருக்கும் 16ஆம் தேதியிலிருந்து போடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் இரண்டாவதுக்குப் பிறகு 39 வாரம் ஆனால்தான் போடுவார்களாம். 39 வாரம் என்றால் 273 நாள். ஏப்ரல் 12. அங்கே 9ஆம் தேதி கதவை மூடுகிறான், இங்கே 12ஆம் தேதி சாவி கொடுக்கிறான். இரண்டு பேரும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. நம் பயணம் மே மாதம் என்பதால் தப்பித்தோம். 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவளைக் கூட்டிப் போய்விடுவேன்.

கோவிஷீல்டு செல்லுமா என்று நாம் தவித்தது ஞாபகம் இருக்கிறதா? ஐரோப்பாவின் பட்டியலில் வாக்ஸெவ்ரியா இருந்தது, கோவிஷீல்டு இல்லை. அதே மருந்து, வேறு லேபிள். ஜெர்மனி ஏற்றுக்கொண்டது என்று தெரிந்த அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் ஒரே போனில் முகத்தை ஒட்டிக்கொண்டு கூப்பிட்டீர்கள். மாப்பிள்ளைதான் அந்த ஜெர்மன் அறிவிப்பை வரி வரியாக நிறுத்தித் தமிழில் சொன்னார். வினைச்சொல் கடைசியில் வருவதால் வாக்கியம் முடியும்வரை சரியா இல்லையா என்று தெரியாது மாமா என்று சிரித்தார். தமிழும் அப்படித்தானே என்றேன் நான்.

நீ அந்த மொழியைக் கற்றுக்கொண்டு, அவர்கள் அலுவலகத்தில் அவர்களுடனேயே வாதாடுகிறாய் என்பது எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதில்லை. மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அலுத்துப்போகும் அளவுக்கு.

சான்றிதழில் பெயர் விஷயத்தையும் கவனி. நம் ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. கோவின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்த்து, பிறந்த தேதியை நாள், மாதம், வருடம் என்று முழுசாகக் கொடுத்தால்தான் வெளிநாட்டுக்குச் செல்லும் சான்றிதழ் வரும். அம்மாவுடையது எடுத்து அனுப்பிவிட்டேன். பார்த்திருப்பாய். அதையும் காகிதத்தில் எடுத்து வை.

போன மாதம் நீ அனுப்பிய பனிப் படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வாசல்படி, சைக்கிள், தபால்பெட்டி வரிசை எல்லாம் வெள்ளையாக. ஏன் இவ்வளவு குளிரில் தனியாக நின்று படம் எடுக்கிறாள் என்றாள். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், சின்ன எழுத்து தெரிவதில்லை. எனக்குத் தெரிகிறது.

மியூனிக்கிலிருந்து வெனிஸுக்கு ரயில் என்று நீ போட்டது நல்ல யோசனை. ப்ரென்னர் கணவாய் வழியாக ஆல்ப்ஸைத் தாண்டுவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். அம்மாவுக்கு ஜன்னல் சீட். எஃப்எஃப்பி2 முகக்கவசம் பெட்டி பெட்டியாக வாங்கி வை, துணியில் தைத்தது ரயிலில் செல்லாது. நாடு மாறினால் விதியும் மாறுகிறது. பிரான்ஸ் போன திங்கட்கிழமை ஊசி போட்டதற்கான பாஸ் கேட்பதை நிறுத்திவிட்டது. கிரீஸ் 15ஆம் தேதியோடு பயணிப் படிவத்தைத் தூக்கிவிட்டது. இத்தாலி இன்னும் கேட்கிறது. மே மாதத்துக்குள் அவர்களும் எடுத்துவிடலாம், ஆனால் நாம் தயாராக இருப்போம்.

அந்த வகைப் படிவம் ஒன்றை எடுத்து நான் பென்சிலால் நிரப்பிப் பார்த்தேன். விமான எண், இருக்கை எண், தங்கும் முகவரி எல்லாம் சரளமாகப் போனது. கூட வரும் குடும்பத்தினர் என்று ஒரு கட்டம். அம்மா, நான், நீ. குடும்பம் அல்லாத உடன்பயணிகள் என்று இன்னொரு கட்டம். அது காலி. கடைசியில், அவசரம் என்றால் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று ஒரு கட்டம். அங்கேதான் பென்சில் நின்றுவிட்டது. நாம் மூவரும் ஒன்றாக இருப்போம். ஆகவே நம்மோடு வராத ஒருவர் வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிறவர், ஜெர்மன் தெரிந்தவர். மாப்பிள்ளை பெயரைப் போடலாமா?

நீ அனுப்பிய ஓட்டல் பதிவிலும் மூன்று கட்டில்தான். அவருக்கு லீவு கிடைக்கவில்லை போல என்று அம்மா சொல்கிறாள். நானும் ஆமாம் என்றேன். அந்தக் கட்டத்தை இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன். நீயே நிரப்பு. அல்லது உன் சிநேகிதி யாராவது இருந்தால் அவள் பெயரைப் போடு. யாராக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

வெனிஸைப் பற்றி நிறையப் படித்து வைத்திருக்கிறேன். படகு, பாலம் எல்லாம் அம்மா பார்க்கட்டும். நான் பார்க்க வேண்டியது பெருங்கால்வாயின் முகப்பில் இருக்கும் சாந்தா மரியா தெல்லா சலூத்தே கோயில். 1630இல் பிளேக் வந்து ஊரே காலியானபோது நேர்ந்துகொண்டு கட்டியது. அம்மை கண்டால் நம் பாட்டிமார் நேர்ந்துகொள்வார்களே, அந்த மாதிரி. அதற்கும் முன்னால் 1423இலேயே பிளேக்காரர்களை வைக்க ஒரு தீவை ஒதுக்கியிருக்கிறார்கள். குவாரண்டைன் என்கிற சொல்லே நாற்பது நாள் என்கிற அவர்கள் பேச்சிலிருந்து வந்தது. இன்னொன்று கேள். பிளேக் இல்லாத ஊரிலிருந்து வருகிறேன் என்று அதிகாரி எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் அந்தக் காலத்து இத்தாலியில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குள் நுழைய முடியாதாம். கியூஆர் கோடு இல்லாத சான்றிதழ். நமக்கு இது புதுசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வாசல் காவல்காரனிடம் அந்தச் சீட்டை நீட்டும்போது எத்தனை பேருக்குக் கை நடுங்கியிருக்கும் என்று யோசித்தேன்.

மீனா, என் சான்றிதழை நீ மூன்று முறை கேட்டுவிட்டாய். மூன்று முறையும் நான் வேறு எதையோ அனுப்பினேன். ஒரு முறை சிரிக்கிற பொம்மை.

எனக்கு ஒரு டோஸ்தான் போட்டிருக்கிறது.

ஏப்ரல் 20இல் முதல் டோஸ் போட்டபோதே ஊசியைக் கண்டதும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பெஞ்சில் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பிடித்து, யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அம்மா அப்போது அடுத்த அறையில் இருந்தாள், பார்க்கவில்லை. உனக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஐந்து வயதில் உனக்கு ஊசி போடக் கூட்டிப் போனதும், நீ அழாமல் கையைக் காட்டியதும், நான் விழுந்ததும், நர்ஸிடம் அப்பாவுக்குத் தண்ணி குடுங்க என்று நீ சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மாகிட்ட சொல்லாதே என்றேன். இன்றுவரை நீ சொல்லவில்லை.

ஜூலை 13இல் அம்மா போட்டுக்கொண்டாள். என் டோக்கனைப் பின்னால் நின்ற ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு, மருந்து தீர்ந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். அடுத்த வாரம் தனியாகக் கிளம்பினேன். அன்று உண்மையிலேயே போட்டுக்கொள்வதாகத்தான் இருந்தேன். வரிசையைப் பார்த்தேன். நூலகப் படியில் வந்து உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம் கழித்துப் பஞ்சைக் கிள்ளி, புஜத்தில் வைத்து, நானே பிளாஸ்டர் ஒட்டினேன். ஒற்றைக் கையால் ஒட்ட வரவில்லை, பல்லால் பிடித்து ஒட்டினேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கையைத் தூக்க முடியாதவன் மாதிரி இருந்தேன். அம்மா சட்டை மாட்டிவிட்டாள். எந்தக் கை என்பது மறந்து ஒரு முறை தவறான கையைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

அன்றைக்கு ராத்திரி போனில் நீ என்ன சொன்னாய் தெரியுமா? இன்னைக்குத்தாம்பா நிம்மதியாத் தூங்குவேன் என்றாய். விமானம் இல்லை, வர முடியாது, ஏதாவது என்றால் என்ன செய்வது என்று எத்தனை மாதம் தூங்காமல் இருந்தாயோ. அதைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்குக் காகிதம், தேதி என்று பாடம் நடத்துகிறவன் செய்த வேலை இது.

வேறு வழி இருக்கிறதா என்று ஒரு மாதமாகத் தேடினேன். இத்தாலி மட்டும் என்றால் பரிசோதனைச் சான்று போதும். 72 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர், இல்லையென்றால் 48 மணி நேரத்துக்குள் ஆன்டிஜென். ஆனால் இறங்குவது மியூனிக்கில். ஊசி முழுசாகப் போடாத சுற்றுலாக்காரனை ஜெர்மனி உள்ளே விடாது. தேடியதில் தெரிந்தது அவ்வளவுதான்.

நாளைக் காலை போகிறேன். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வரிசையில் நிற்பேன், அப்போதுதான் திரும்ப முடியாது. நாளை போட்டால் ஏப்ரல் 4ஆம் தேதியோடு 14 நாள் ஆகிவிடும். வேடிக்கையைப் பார், ஒழுங்காகப் போட்டுக்கொண்டவளுக்கு ஏப்ரலில் முடிகிறது, ஏமாற்றியவனுக்கு டிசம்பர் 16 வரை செல்லும்.

அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. விமானத்தில் ஏறிய பிறகு சொல்லலாமா என்று பார்க்கிறேன். அங்கே எழுந்து போக இடம் இல்லை. அதுவரை உனக்குள் வைத்துக்கொள், முன்பு மாதிரி.

என்னைத் திட்ட வேண்டும் என்றால் போனில் கூப்பிட்டுத் திட்டு. கேமரா போட்டுத் திட்டு. அம்மா கோயிலுக்குப் போகும் நேரம் உனக்குத் தெரியும், அப்போது கூப்பிட்டால் நான் மட்டும்தான் இருப்பேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். திட்டுவதற்குத்தான் கூப்பிட வேண்டும் என்றும் இல்லை.

திரும்பி வரும்போது ஏர் சுவிதா படிவம் வேறு இருக்கிறது, அதை அப்புறம் எழுதுகிறேன். எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்து வை.

தபால்பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரும் உறையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் தபால்காரன் திருப்பி அனுப்பிவிடுவான் என்று நீ ஒரு முறை சொன்னாய். வழக்கமாக உங்கள் இரண்டு பேர் பெயரையும் போடுவேன். இந்த உறையில் உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். வந்து சேரும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா