பாட்டுக்கும் நாடகத்துக்கும் பணம் ஒதுக்குங்கள்: பிரசார் பாரதி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதியின் மதிப்பிற்குரிய வாரியத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள் நான். தனியார் அலைவரிசைகள் பாட்டையும் நாடகத்தையும் கொட்டிக்கொடுக்கும்போது அவற்றுக்குப் பொதுப்பணம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் மலையிலிருந்து பார்த்தால் விடை வேறாகத் தெரிகிறது.

எங்கள் அடுப்படித் திண்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. ஏரியல் ஒடிந்துபோனதால் அம்மா அதில் செம்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் மாட்டியிருப்பார். கொழுந்தெடுக்கப் போகுமுன் கொடைக்கானல் பண்பலையில் பாட்டுக் கேட்கத்தான் அதைத் திருகுவார். பாட்டுகளுக்கு நடுவே வந்த மழை அறிவிப்பும் அப்படித்தான் அவர் காதில் விழுந்தது.

பாட்டை விலக்கினால் என்ன ஆகும் என்பதை வானொலி முன்பே பட்டறிந்திருக்கிறது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் காலத்தில் திரைப்பாடல்கள் ஒதுக்கப்பட்டபோது, நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள்; அவர்களை மீட்க 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி என்ற பொழுதுபோக்கு ஒலிபரப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று.

உங்களை உருவாக்கிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தகவல் தருவதையும் கல்வி புகட்டுவதையும் போலவே மகிழ்விப்பதையும் உங்கள் முதன்மைக் கடமையாகச் சொல்கிறது. எல்லைப் பகுதி மக்களுக்கும் பின்தங்கிய, தொலைதூரப் பகுதி மக்களுக்கும் பணியாற்றுவதையும் அதே பிரிவு குறிப்பிடுகிறது. அங்கே சொல்லப்படுவது நாட்டின் எல்லையாகவே இருக்கலாம், ஆயினும் மாநில எல்லையில் வாழும் நாங்களும் தொலைவில்தான் இருக்கிறோம். கேரளத்து விளம்பரதாரர் மலையாள நேயரைக் கணக்கிடுகிறார், சென்னைத் தொலைக்காட்சி தமிழ்நாட்டுச் சந்தையைக் கணக்கிடுகிறது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் பேசும் தோட்டத் தொழிலாளி இருவர் கணக்கிலும் வருவதில்லை.

அதற்காகத் தனியார் நெடுந்தொடர்களைப் போலவே நீங்களும் எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செலவழித்தால் அது வீண்தான். எங்கள் மாரியம்மன் திருவிழா மேடையில் விடிய விடிய நாடகம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், கும்மியும் ஒப்பாரியும் பாடத் தெரிந்த பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு தோட்டத்துத் தமிழில் வாரம் ஒரு நாடகமும் பாட்டு நிகழ்ச்சியும் தயாரித்து, கலைஞர்களுக்கு முறையான ஊதியம் கொடுங்கள். தூர்தர்ஷனின் இலவச செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் அலைவரிசைகளுக்கு இடங்களை ஏலம் விட்டு ஈட்டும் வருவாயில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கி, ஒலிபரப்பு நேரத்தைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை முடிந்து லயம் திரும்பும் மாலைப் பொழுதில் வையுங்கள்.