குளம்புக்கால் சாமிக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்காதே

பாரிஸ்

அன்புள்ள மகள் கயலுக்கு,

இங்கு நானும் அம்மாவும் சுகம். பிரான்சின் பூரே ஊரில் கிடைத்த பழைய சிலையைப் பற்றிய உன் கட்டுரைத் தலைப்பில், அந்தக் காலத்தில் இங்கு வாழ்ந்த கோல் மக்களின் மான்கொம்புக் கடவுள் பெயரான "செர்னுனோஸ்" என்றே போட்டுவிடவா அப்பா என்று கேட்டாய். போனில் கதைத்து முடிகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்து சான்ஜெர்மான்-ஆன்-லே மியூசியத்துக்குப் போய், பூரே சிலையை இன்னொருமுறை வடிவாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

உயரம் ஒரு முழத்துக்குக் கிட்ட. உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, கழுத்தில் கோல் மக்கள் போடும் தடித்த வளையம். வெள்ளையும் நீலமுமாகக் கண்ணாடி பதித்த கண் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. கைகள் இல்லை. சப்பாணி கட்டி இருக்கிறார். பாதம் இருக்கவேண்டிய இடத்தில் பிளந்த மான் குளம்பு. நகைப் பட்டறையில் கிடந்தவன் என்பதால் என் கண் பொருத்துகளுக்குத்தான் போனது. உடம்பு வார்த்ததல்ல, தகட்டைத் தட்டி வளைத்துச் சேர்த்த வேலை. செய்தவன் கெட்டிக்காரன்தான், ஆனால் முகத்தில் காட்டிய பொறுமையைக் காலில் காட்டவில்லை. மடக்கிய கால்கள் பொம்மைக்கால் மாதிரிச் சின்னதாகக் கிடக்கின்றன. இருந்தும் குளம்பின் பிளவை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறான். பார்க்கிறவர் அதைத் தவறவிடக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

இனி உன் தலைப்புக்கு வருகிறேன். செர்னுனோஸ் என்ற பெயரும் உருவமும் சேர்ந்து கிடைப்பது ஒரேயொரு கல்லில். 1711இல் நோத்ர்தாம் கோயிலுக்குக் கீழே கிடைத்த படகோட்டிகள் தூண், ரோமப் பேரரசன் திபேரியுஸ் காலத்தது. அதில் அவருக்கு மான்கொம்பு, கொம்பில் வளையங்கள் தொங்குகின்றன. அந்தக் கல்லின் கீழ்ப்பாதி போய்விட்டது. அவர் சப்பாணி கட்டி இருந்தார் என்பதே, மிச்சமிருக்கும் இடத்தை வைத்துப் போட்ட கணக்குத்தான். அங்கே கொம்பு இருக்கிறது, கால் இல்லை. பூரேயில் குளம்பு இருக்கிறது, கொம்பு இல்லை. எத்தாங்-சுர்-அரூ என்ற ஊரில் கிடைத்த வெண்கலச் சிலையைப் பார்த்தாயானால் தலையில் கொம்பு செருக இரண்டு துளை, கூடவே ஆட்டுக்கடாத் தலைப் பாம்புகள், ஆனால் பெயர் எழுதவில்லை. மூன்றையும் ஒருவர் என்று சொல்லலாம், பலர் சொல்கிறார்கள், எனக்கும் அதில் பாதி நம்பிக்கை உண்டு. ஆனால் அது நாங்கள் கட்டுகிற பாலம், சிலையே சொன்னதல்ல.

பூரே சிலைக்குக் கை இருந்திருந்தால், வேல் பார்த்து முருகன் என்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருக்கலாம். கிடைத்த இடமும் உதவவில்லை. 1845இல் ஜுயின் ஆற்றிலிருந்து எடுத்தது. ஒழுங்கான அகழாய்வு இல்லை, கூடக் கிடந்த பானையோ காசோ இல்லை. காணிக்கையாக ஆற்றில் விட்டார்களா, பின்னால் வந்தவர்கள் தூக்கி எறிந்தார்களா, யாரைக் கேட்பது? காலத்தைக்கூடச் செய்நேர்த்தியை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். ரோமத் தளபதி சீசர் கோல் மக்களின் நாட்டைப் பிடித்ததற்கு முந்தியதா பிந்தியதா என்ற இழுபறி அதனால்தான்.

கொம்போடு கால் மடக்கி இருக்கும் உருவம் உள்ள மொகஞ்சதாரோ முத்திரையைப் பக்கத்தில் வைத்து நீ அனுப்பிய படத்துக்கு உன் மாமா எத்தனை லைக் போட்டிருப்பார் என்று தெரியும். எனக்கும் முதலில் அதே ஆசைதான் வந்தது. இருந்தாலும் பொறு. அந்த முத்திரையில் இருப்பது எருமைக்கொம்பு என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். இடையில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷம் கிடக்கிறது. அது சிவன் என்பதே தொல்லியலாளர் மார்ஷல் சொன்ன விளக்கம், இன்னும் அடிபடுகிறது. ஒரு சந்தேகத்துக்கு இன்னொரு சந்தேகத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. கால் மடக்கி இருப்பதற்கு யோகம் தேவையில்லை. கோல் மக்கள் கதிரையில் இல்லாமல், நிலத்தில் ஓநாய்த்தோல், நாய்த்தோல் விரித்து இருந்துதான் சாப்பிட்டார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதொரோஸ் எழுதியிருக்கிறார். தென் பிரான்சின் ரோக்பெர்துஸில் கிடைத்த கற்சிலைகளும் அதே இருப்புத்தான், அவற்றில் மான் அடையாளம் ஒன்றும் இல்லை.

ஆகவே தலைப்பில் "பூரேயில் கிடைத்த குளம்புக்கால் கடவுள்" என்று போடு. செர்னுனோஸ் உள்ளே வரட்டும், "என்று கருதலாம்" என்ற வாலோடு. புள்ளி குறைந்தால் என்னோடு சண்டைக்கு வா.

நத்தார் லீவுக்கு வரும்போது குளூனி மியூசியத்துக்குப் போய்ப் படகோட்டிகள் தூணையும் பார்ப்போம். செர்னுனோஸின் முதல் எழுத்து இப்போது கல்லில் இல்லை, பதினெட்டாம் நூற்றாண்டில் வரைந்துவைத்த படத்தில்தான் இருக்கிறது. அந்தப் படத்தின் பிரதி உங்கள் நூலகத்தில் இருந்தால் எடுத்து வா. பூரே சிலையைப் பக்கவாட்டில் எடுத்த படங்களை இன்றிரவு வாட்ஸப்பில் போடுகிறேன். குளிருக்குக் கவனமாம், அம்மா சொல்லச் சொன்னா.

அன்புடன்,
அப்பா