ரங்கூன் போகுமுன் மீனாவுக்கு

வியாசர்பாடி
2 நவம்பர் 2025

அன்புள்ள மீனாவுக்கு, அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலை. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. தெருவில் தண்ணீர் நிற்கிறது, வீட்டுக்குள் வரவில்லை. தீபாவளிக்கு நீ அனுப்பிய சேலையை அம்மா இன்னும் பெட்டியை விட்டு எடுக்கவில்லை. நீ வந்திருந்தால் அன்றைக்கே கட்டியிருப்பாள்.

போனில் நான் ஆரம்பித்தாலே "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். 20-ஆம் தேதி நீ ரங்கூன் போவதைக் குமார் வாய்வழியாகத் தெரிந்துகொண்டேன். திருப்பூரில் உன் ஆபீஸில் எத்தனை பேருக்குத் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்ததோ! அந்த ஊரில் பிறந்தவன் நான். என்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டாமா?

போகாதே என்று சொல்ல வரவில்லை. ஒரு பையிங் ஆபீஸ் உன்னை நம்பி ஒரு ஃபேக்டரி முழுவதையும் பார்த்துவிட்டு வா என்று அனுப்புகிறது. சட்டைப்பையில் ஒரு பைசா இல்லாமல், பர்மாவிலிருந்து கப்பல் டெக்கில் பாயை விரித்து உட்கார்ந்து வந்த குடும்பம் நாம். அதே ஊருக்கு நீ விசா எடுத்து, விமானத்தில் போகிறாய். உன் தாத்தா இருந்திருந்தால் காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். நானும் பஜாரில் இரண்டு பேரிடம் சொன்னேன்.

ஆனால் நீ சொன்னாயாமே, "இப்போ யாங்கோன் நார்மலா இருக்குப்பா" என்று. எது நார்மல்? நீ போகிற ஃபேக்டரிப் பகுதி லைங்தாயாவில்தான், ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, 2021 மார்ச் 14 அன்று ஒரே நாளில் அத்தனை பேரைச் சுட்டார்கள். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள்தான் அங்கே முதலில் தெருவுக்கு வந்தவர்கள். ஃபேக்டரிகள் எரிந்தன, ராணுவச் சட்டம் போட்டார்கள். அந்த நாட்களில் ராத்திரி எட்டு மணிக்கு ரங்கூன்காரர்கள் பால்கனியில் நின்று சட்டி பானையைத் தட்டினார்கள். பேயை ஓட்டுவதற்கு அங்கே அப்படித் தட்டுவது வழக்கம். போனில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

இப்போது டிசம்பர் 28 தேர்தல் என்று அறிவித்திருக்கிறார்கள். போன தேர்தலில் ஜெயித்த ஆங் சான் சூச்சி அம்மாவை நாலே முக்கால் வருஷமாகச் சிறையில் வைத்துக்கொண்டு நடத்துகிற தேர்தல். அதைக் குறை சொன்னாலே குறைந்தது மூன்று வருஷம் உள்ளே போடலாம் என்று ஜூலையில் சட்டம் போட்டார்கள். தேர்தல் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. டாக்சிக்காரர் கேட்டாலும் பேசாதே. நல்ல மனிதராக இருந்தாலும் பேசாதே, அவருக்கும் அது ஆபத்து.

போனில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு எடுத்துப் போ. பேஸ்புக்கை அங்கே 2021-லேயே மூடிவிட்டார்கள். நடுரோட்டில் நிறுத்திப் போனை வாங்கி, மூடியதைத் திறந்து பார்க்க உதவும் விபிஎன் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அனுமதி இல்லாத விபிஎன்னுக்கு இந்த வருஷம் தனிச் சட்டமே வந்திருக்கிறது. உன்னோடு பேசுகிற அந்தப் பெண்ணும் விபிஎன் போட்டுத்தான் பேசுகிறாள் என்பதை நினைத்துக்கொள்.

டாலர் புது நோட்டாக எடுத்துப் போ. மடிக்காதே. ஒரு மடிப்பு, ஒரு பேனாப் புள்ளி இருந்தாலும் அங்கே வாங்க மாட்டார்கள். புத்தகத்துக்கு நடுவில் வைத்து எடுத்துப் போ. கல்கத்தா வழியாகப் போ. பாங்காக் வழிதான் டிக்கெட் கிடைத்தது என்றால் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராதே. 2022-ல் நம் பையன்களை டேட்டா என்ட்ரி வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்து, எல்லையில் மேசோட்டில் ஆற்றைக் கடத்தி, பர்மா பக்கம் மியாவடியில் அடைத்து வைத்த கதை உனக்குத் தெரியும். உனக்கு அப்படி நடக்காது என்று தெரிந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் தூதரகம் மெர்ச்சண்ட் தெருவில் இருக்கிறது. நம்பரைக் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வை. போனை வாங்கிக்கொண்டால் நம்பரும் போய்விடும்.

வேலை முடிந்ததும் ஹோட்டலுக்கு வந்துவிடு. வேறு எங்கேயும் போகவேண்டாம். யார் வீட்டிலும் ராத்தங்க வேண்டாம். வெளியாள் ஒருவர் ராத்தங்கினால் வார்டு ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற பழைய சட்டத்தை 2021 பிப்ரவரியில் மறுபடி கொண்டுவந்துவிட்டார்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் நடுராத்திரியில் கதவைத் தட்டித் தலை எண்ணுவார்கள். நீ வெளிநாட்டுக்காரி, எழுதிக் கொடுத்தாலும் வம்பு. நீ இரண்டு நாளில் விமானம் ஏறிவிடுவாய். அந்த வீட்டில் இருக்கிறவர்கள் அங்கேயே இருக்க வேண்டும்.

எந்த வீடு என்று உனக்குத் தெரியும்.

ஆவணியில் வந்தபோது, பீரோவில் இருந்த போட்டோவை, அப்பத்தா நடுவில் உட்கார்ந்திருக்கும் ரங்கூன் பசுண்டாங் பகுதியில் எடுத்த அந்தப் போட்டோவை, வெளிச்சத்தில் வைத்து நீ போனில் படம் எடுத்தாய். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன், கண்ணாடியில் தெரிந்தது. அம்மாவிடம் அத்தை பேரை முழுசாகக் கேட்டு எழுதிக்கொண்டாய். என்னிடம் கேட்கவில்லை. அத்தையின் பேத்தியைப் பேஸ்புக்கில் கண்டுபிடித்ததையும், அத்தைக்கு இன்னும் கண் நன்றாகத் தெரிகிறது என்பதையும், எழுபத்தேழு வயதில் கீழ்த்தளத்திலிருந்து தானே தண்ணீர் தூக்குகிறாள் என்பதையும் அம்மாதான் அழுதுகொண்டே சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து கை கழுவிவிட்டுப் பஜாருக்குப் போய்விட்டேன். அம்மா அதை உன்னிடம் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று தெரியவில்லை. அப்பா கல்நெஞ்சுக்காரர் என்று நீ நினைத்திருக்கலாம்.

மார்ச் 28 அன்று மண்டலே பூகம்பத்தை டிவியில் காட்டியபோது நான் நகராமல் உட்கார்ந்திருந்தேன். "யாரைத் தேடுறீங்க?" என்று உன் அம்மா கேட்டாள். அப்படியே தூக்கிவாரிப்போட்டது. 2007-ல் பிக்குகள் மழையில் ஊர்வலம் போனதைக் காட்டியபோது அப்பத்தாவும் இப்படித்தான் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "தள்ளி உட்காரும்மா, கண்ணு கெட்டுடும்" என்று நான்தான் அதட்டினேன்.

மீனா, என் அக்காவிடமிருந்து, உன் அத்தையிடமிருந்து, கடிதம் வந்தது.

தபால் நின்றுபோய்விட்டது என்று அப்பத்தாவிடம் சொன்னேன். உன்னிடமும் குமாரிடமும் அதையே சொன்னேன். நின்றது நான். 1987 கடைசியில் ஒன்று, 1988-ல் ஒன்று, 1990-ல் ஒன்று, மொத்தம் மூன்று. பஜார் கடை விலாசத்துக்கு வந்ததால் அப்பத்தா கண்ணில் படவில்லை. முகத்தில் பூசும் பர்மியத் தனக்காப் பூச்சு வந்த டப்பாவில் போட்டுக் கடையிலேயே வைத்திருந்தேன். உன் அம்மாவுக்குக்கூட நேற்றுவரை தெரியாது.

அக்கா நாலாவது வரைதான் தமிழ் படித்தாள். இருபது வருஷம் பர்மிய எழுத்து எழுதிய கை. அவள் தமிழ் எல்லாம் உருண்டு உருண்டு, 'ட'கூட வளைந்துபோய் இருக்கும். முதல் கடிதத்தில் 75 கியாட் நோட்டு செல்லாமல் போனதை எழுதியிருந்தாள். 25, 35, 75 மூன்றையும் அரசாங்கம் ஒரே நாளில், மாற்றிக்கொள்ளவும் விடாமல், செல்லாதென்று அறிவித்துவிட்டது. அவள் மகன் செல்வத்தின் காலேஜ் பணம் அரிசிப்பானையில் அப்படியே காகிதமாகிவிட்டது. "1964-ல் அப்பாவுக்கு நடந்தது இப்போது எனக்கு" என்று எழுதியிருந்தாள். நம் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நூறு கியாட் நோட்டு உனக்குத் தெரியுமே, அதைச் சொல்கிறாள்.

இரண்டாவது கடிதம் அக்டோபரில் வந்தது. ஆகஸ்ட் 8-ல் பிள்ளைகள் தெருவில் இறங்கி, செப்டம்பர் 18-ல் ராணுவம் மறுபடி பிடித்த பிறகு எழுதியது. யாரோ கப்பல்காரர் கையில் கொடுத்துக் கல்கத்தாவில் ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். "தம்பி, செல்வத்தை உன்னிடம் அனுப்புகிறேன். ஒரு வருஷம் வைத்துக்கொள். கடையில் வேலை செய்வான். சாப்பாடு போட்டால் போதும். சரி என்று ஒரு வரி எழுது, எப்படியாவது அனுப்பி வைக்கிறேன்." இவ்வளவுதான்.

நான் எழுதவில்லை.

அப்போது குமார் கைக்குழந்தை. சின்னத்தை கல்யாணத்துக்கு வட்டிக்குக் கடன் கேட்டு அலைந்துகொண்டிருந்தேன். ஒரே அறையில் ஆறு பேர். கடையில் போலீஸ் தொந்தரவு வேறு. தாள் இல்லாத ஒரு பையனை வைத்திருந்தால் கடை போய்விடும் என்று பயந்தேன். இதெல்லாம் உண்மைதான். ஆனால் "முடியாது அக்கா" என்று எழுதியிருக்கலாம். அவள் வேறு வழி பார்த்திருப்பாள். நாளைக்கு எழுதலாம், அடுத்த வாரம் எழுதலாம் என்று இருந்தேன். அவள் அங்கே தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கடிதம் ஆறே வரி. செல்வம் போய் ஒரு வருஷம் ஆகிறது, மாணவர்களோடு எல்லைப் பக்கம் போனான் என்று சிலர் சொல்கிறார்கள். "உன் வீட்டுக்கு வந்தானா?"

அதற்கும் எழுதவில்லை. வரவில்லை என்று எழுதக் கை வரவில்லை. அவள் மனதில் அவன் மெட்ராஸில் என் கடையில் உட்கார்ந்திருக்கட்டுமே என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அப்படி நினைத்தவன்தான் உன் அப்பா.

1965-ல் சூலே பகோடா துறையில் கஸ்டம்ஸ்காரன் அப்பத்தாவின் தாலியைக் கழற்றச் சொன்னான். அவள் மஞ்சள் துண்டைக் கயிற்றில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறிய கதையை நீ நூறு முறை கேட்டிருப்பாய். அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றதையும் கேட்டிருப்பாய். ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. முதல் நாள் ராத்திரி அவள் பசுண்டாங் விலாசத்தைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி, என் சட்டைப்பைக்குள் வைத்து, பையின் வாயை ஊக்கால் குத்தினாள். "அப்பா மறந்துடுவாரு. நீதான் எழுதணும்" என்றாள். எனக்கு ஏழு வயசு. கஸ்டம்ஸ்காரன் அந்த ஊக்கைக் கழற்றிச் சீட்டைப் பார்த்துவிட்டு உள்ளேயே திணித்தான். ஊக்கை அவன் வைத்துக்கொண்டான். கப்பல் மெட்ராஸ் வந்து சேரும்வரை பையைக் கையால் பொத்திக்கொண்டே வந்தேன்.

பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அப்பத்தா 2009-ல் போகும்போதும் சொல்லவில்லை. வாயில் பால் ஊற்றும்போதாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது அத்தையின் பேரன், அந்தப் பெண்ணின் தம்பி, அவனுக்கு இருபத்தொன்று. கட்டாய ராணுவச் சட்டத்தை 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களில் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை. அந்த மே மாதமே ஆண்பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கு அனுமதி கொடுப்பதையும் நிறுத்தினார்கள். அவன் இருட்டினால் வெளியே வருவதில்லை என்று அம்மா சொன்னாள். நீ அந்த வீட்டுக்குப் போனால் அக்கா உன்னிடம் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். நீ ராத்தங்கக் கூடாது என்று நான் இவ்வளவு எழுதியதில் பாதி சிப்பாய்க்குப் பயந்து. மீதி, அக்கா கேட்கப்போகிற அந்த ஒரு கேள்விக்குப் பயந்து.

அதனால் போ. பகலில் போ, பகலிலேயே திரும்பு. ஆபீஸ் காரில் போகாதே, தெருமுனையில் இறங்கி நட. கையில் பெரிய பை வேண்டாம். அம்மா மாவடு தருகிறேன் என்கிறாள், ஒரு சின்ன டப்பா மட்டும் எடுத்துக்கொள். அக்காவுக்கு மாவடு என்றால் உயிர். செல்வத்தைப் பற்றி அவளே பேசினால் உட்கார்ந்து கேள், நீயாக எடுக்காதே. தம்பிக்குக் கடிதம் வந்ததா என்று கேட்டால், மூன்றும் வந்தது என்று சொல். தபால் மேல் பழி போடாதே. நான் சொன்னதாகவே சொல்.

பேரனுக்கு பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேள். போனில் கேட்காதே, நேரில் கேள். விசா எதில் எடுக்கலாம், படிப்புக்கு எடுக்கலாமா, வைத்தியத்துக்கு எடுக்கலாமா என்று குமாரை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். நேர்வழியாக மட்டும்தான். எல்லை, ஆறு, ஏஜெண்ட் என்று எவன் சொன்னாலும் வேண்டாம் என்று சொல். மாடி ரூமில் இருக்கிறவர்கள் தை பிறந்ததும் காலி செய்கிறார்கள். வேறு யாருக்கும் விடப்போவதில்லை. வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டேன். அவன் வர ஆறு மாதம் ஆனாலும் ஒரு வருஷம் ஆனாலும் அது பூட்டியே இருக்கும் என்று அக்காவிடம் சொல்.

போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போடு. "சேர்ந்தேன்" என்று மட்டும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. டாலரை மடிக்காதே. ராத்தங்காதே. இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், அக்காவுக்கு. உருட்டாமல் பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். அவளுக்குப் படிக்க வராவிட்டால் நீ படித்துக் காட்டு.