முக எலும்பு புடைத்தால் உடனே கத்தி வைக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முக எலும்புக் கட்டிகள் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். முகத்தில் எலும்பு புடைத்தால் தாமதிக்காமல் அகற்றிவிட வேண்டும் என்று அதில் ஒரு வரி. எனக்குச் சிறுவயது முதல் இடது கன்னத்திலும் கண்குழியிலும் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்ற எலும்புக் குறைபாடு இருக்கிறது. அந்த வரியை நம்பி எந்தப் பெற்றோரும் அவசரப்பட்டுவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

இது புற்றுநோய் அல்ல. கரு உருவான பிறகு ஏதோ ஒரு செல்லில் ஜிஎன்ஏஎஸ் என்ற மரபணு மாறிவிடுகிறது. அதனால் நல்ல எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசுவும் முதிராத எலும்பும் கலந்து வளர்கின்றன. பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்கும் போகாது. கர்ப்பமாக இருந்தபோது என்ன செய்தாய் என்று என் அம்மாவைக் கேட்காத உறவினர் இல்லை. அவர் எதுவுமே செய்யவில்லை.

வளரும் வயதில் புடைத்த எலும்பைச் சீவி எடுத்தால் மறுபடி புடைக்கும் வாய்ப்பு அதிகம். பருவ வயது தாண்டினால் பெரும்பாலும் வேகம் தணிந்துவிடும். எனவே என் மருத்துவர்கள் காத்திருந்தார்கள். அப்புறம் மேலுதட்டுக்கு உள்ளே, ஈறுக்கு மேல் கீறி, அந்த வழியாகவே கன்ன எலும்பைச் சீவிச் சமன்படுத்தினார்கள். வெளியே தழும்பு இல்லை. உதடு மட்டும் நெடுநாள் மரத்திருந்தது. தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிவதே தெரியாது. பிறகு கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. அதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆசிஃபையிங் ஃபைப்ரோமா என்ற கட்டி ஸ்கேனில் ஏறக்குறைய இதேபோல் தெரியலாம்; அதை முழுதாக எடுத்தாக வேண்டும். எது என்று உறுதியாகாமல் அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்று உறுதியானால் கதிர்வீச்சு சிகிச்சை கூடவே கூடாது. மிக அரிதாகவே புற்றாக மாறும் இந்த எலும்பில், அந்த ஆபத்தைக் கூட்டுவது கதிர்வீச்சுதான்.

பலரும் பயப்படுவது கண்ணுக்கு. பார்வை நரம்பைச் சுற்றி எலும்பு வளர்ந்திருக்கிறது என்பதற்காகவே, நன்றாகத் தெரியும் கண்ணிலும் எலும்பைக் குடைந்து நரம்பை விடுவிக்கும் அறுவை முன்பு நடந்தது. அந்த அறுவையாலேயே பார்வை இழந்தவர்கள் உண்டு. பார்வை சரியாக இருக்கும்வரை கண்காணித்தாலே போதும் என்பதே இன்றைய வழிகாட்டுதல். எனக்கு நிறப்புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் இலக்கத்தைக் கண்டுபிடிக்கும் நிறப்பார்வைச் சோதனையும், எங்காவது ஒளிப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தும் பார்வைப்புல சோதனையும் தவறாமல் நடக்கின்றன.

ஒரு கண் மருத்துவரிடம் கேட்டு இதையும் விரிவாக வெளியிடுங்கள். நிறங்கள் திடீரென்று மங்கினாலோ பார்வை குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி